எச்சரிப்பதும் செயல்படுவதும்: தரவுச் சேமிப்பகக் கண்காணிப்பில் தீராத இரு கேள்விகள்

தரவுச் சேமிப்பகத்தைக் கண்காணிக்கும் மென்பொருள் ஒரு குறையைக் காணும்போது அதை யாரிடம், எந்த நேரத்தில், எவ்வளவு அழுத்தத்துடன் சொல்ல வேண்டும் என்பதும், எந்த நிலையில் எவரையும் கேட்காமல் தானே செயலில் இறங்கலாம் என்பதும் கணினி நிர்வாகத்தில் பல பத்தாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வரும் இரு கேள்விகள். நடைமுறையில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே அமைப்புத் திரையில் அடுத்தடுத்த கட்டங்களாக நிற்கின்றன: ஒன்று மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறது, மற்றது இயக்க வேண்டிய கட்டளையைக் கேட்கிறது. இந்த நெருக்கம் சற்று ஏமாற்றக்கூடியது. முதல் கட்டத்தில் நேரும் பிழை பெரும்பாலும் ஒருவரது தூக்கத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடும். இரண்டாவதில் நேரும் பிழை தரவையே கெடுத்துவிடலாம்.

இக்கேள்விகளுக்கு வந்துள்ள விடைகளில் எல்லைமதிப்பை நம்பும் போக்கு, முன்கணிப்பை நம்பும் போக்கு, மனிதக் கவனத்தைக் காக்க முனையும் போக்கு, மனிதரை இடையிலிருந்து விலக்க முனையும் போக்கு என நான்கைப் பிரித்துக் காணலாம். இவற்றுக்கிடையிலான விவாதம் பெரும்பாலும் எந்த அளவில் எச்சரிப்பது என்பதைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஆனால் பெரிய சேமிப்பக விபத்துகள் குறித்து வெளியான அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எவ்வளவு நேரம் பொறுத்துச் செயல்படுவது என்னும் கேள்வி அதைவிடக் கனமானதாகத் தோன்றுகிறது.

எல்லைமதிப்பு என்னும் பழைய விடை

அளக்கப்படும் ஓர் எண் குறித்த வரம்பைத் தாண்டியதும் எச்சரிக்கை எழ வேண்டும் என்று முன்கூட்டி எழுதிவைக்கும் விதியே எல்லைமதிப்பு. அதன் வேர் கண்காணிப்பு மென்பொருள்களுக்கும் முந்தையது. பெர்க்லியில் உருவாகி 1984இல் விவரிக்கப்பட்ட யூனிக்ஸின் வேகக் கோப்பு முறைமை, வட்டு நிரம்பும் தறுவாயில் எழுதும் வேகம் சரிவதைக் கண்டு, ஏறத்தாழ 10 சதவீத இடத்தைச் சாதாரணப் பயனர்களுக்குத் தராமல் ஒதுக்கி வைத்தது. லினக்ஸின் எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைமைகள் இன்றும் இயல்பாக 5 சதவீதத்தை நிர்வாகிக்கென ஒதுக்குகின்றன. அறிவிப்பு எதுவும் இல்லாத இந்த ஏற்பாட்டைத் தானியங்கி எதிர்வினையின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம்: நெருக்கடி வந்ததும் அமைப்பு எழுத மறுக்கிறது, அதே வேளையில் நிர்வாகி உள்ளே வந்து சரிசெய்யச் சிறிது இடம் விட்டுவைக்கிறது.

பின்வந்த கருவிகள் இதை வெளிப்படையான அமைப்பாக மாற்றின. விண்டோஸ் சர்வர் 2003இன் ஆர்2 பதிப்புடன் வந்த கோப்புச் சர்வர் வள மேலாளர், ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒதுக்கீட்டு அளவு வைத்து, அதில் 85, 95, 100 சதவீதம் என்னும் படிகளில் மின்னஞ்சல் அனுப்பவும், நிகழ்வுக் குறிப்பில் பதியவும், அறிக்கை தயாரிக்கவும், கட்டளை ஒன்றை இயக்கவும் வழி தந்தது. ஒரே எச்சரிக்கை மீண்டும் மீண்டும் போகாதபடி இயல்பாக 60 நிமிட இடைவெளியையும் வைத்தது. பல கணினிகளின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் செஃப் மென்பொருளும் 85, 90, 95 என்ற மூன்று சதவீதப் படிகளை இயல்பாகக் கொண்டிருக்கிறது: முதலாவதில் எச்சரிக்கை மட்டும், இரண்டாவதில் அந்த வட்டுக்குப் புதிதாகத் தரவை நகர்த்த மறுப்பு, மூன்றாவதில் எழுதுவதற்கே தடை. எச்சரிக்கையும் செயலும் ஒரே அளவுகோலில், ஆனால் தனித்தனிப் படிகளில் அமைந்த நல்ல எடுத்துக்காட்டு இது.

இந்தப் போக்கின் குறைகளும் நெடுநாள் அறிந்தவை. 200 மெகாபைட் ஒதுக்கீட்டில் மிஞ்சும் 15 சதவீதம் ஒரே கோப்பில் தீர்ந்துவிடலாம். 100 டெராபைட் சேமிப்பகத்தில் அதே 15 சதவீதம் ஓர் ஆண்டுக்குப் போதுமானதாக இருக்கலாம். எனவே மிஞ்சிய இடத்தைவிட அது தீர எஞ்சியுள்ள நேரமே முக்கியம் என்ற கருத்து எழுந்தது. 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ப்ரொமிதியஸ் கண்காணிப்பு அமைப்பில், அண்மைக்கால அளவீடுகளின் மீது நேர்கோடு வரைந்து, அந்தக் கோடு இன்னும் நான்கு மணி நேரத்தில் பூஜ்யத்தைத் தொடுமா என்று கேட்கும் விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது. இரவுதோறும் காப்புப் பிரதி எழுதப்பட்டுக் காலையில் பழையவை அழிக்கப்படும் வட்டில் இந்தக் கோடு நாள்தோறும் பொய் சொல்லும் என்பதையும் கருத வேண்டும். இத்தகைய ஏற்றத்தாழ்வுகளின் தாளத்தையே கற்றுக்கொண்டு விலகலை மட்டும் சுட்டும் ஹோல்ட்-விண்டர்ஸ் முறையை ஜேக் புரூட்லாக் 2000ஆம் ஆண்டிலேயே ஆர்ஆர்டிடூல் என்னும் அளவீட்டுப் பதிவுக் கருவியில் புகுத்தியிருந்தார். ஆயினும் தினசரி வேலையில் அது வெறும் சதவீத விதியை விரட்டியதாகச் சொல்ல முடியாது. 85 என்ற எண்ணை எவருக்கும் ஒரு வரியில் விளக்கிவிடலாம் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொரு குறை ஊசலாட்டம். வரம்பின் ஓரத்தில் ஓர் எண் மேலும் கீழும் ஆடினால் எச்சரிக்கையும் எழுந்து எழுந்து அடங்கும். 1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் ஈதன் கால்ஸ்டாட் வெளியிட்டு, 2002இல் நாகியோஸ் எனப் பெயர் மாறிய மென்பொருள் இதற்கு இரு வழிகளைத் தந்தது: முதல் சோதனையில் தெரியும் குறையை மென்னிலை என்று மட்டும் குறித்துக்கொண்டு, குறித்த எண்ணிக்கையில் தொடர்ந்து தோற்றால்தான் வன்னிலையாக்கி அறிவிப்பது ஒன்று, கடைசி 21 சோதனைகளில் நிலை எத்தனை முறை மாறியது என்று எண்ணி, ஊசலாடுவதாகத் தெரிந்தால் அறிவிப்பை நிறுத்திவைப்பது மற்றொன்று. இவ்விரண்டுமே பொறுத்திருந்து பார்க்கும் ஏற்பாடுகள் என்பது பின்னர் எழும் விவாதத்துக்கு முக்கியம்.

முன்கணிப்பின் நம்பிக்கையும் அதன் வரம்பும்

வட்டு பழுதான பின் சொல்வதைவிடப் பழுதாகும் முன் சொல்வதே மேல் என்ற எண்ணத்திலிருந்து இரண்டாவது போக்கு பிறந்தது. 1990களின் முதற்பாதியில் ஐபிஎம்மும் காம்பாக்கும் தனித்தனியே உருவாக்கிய முன்னெச்சரிக்கை முறைகள் பின்னர் ஸ்மார்ட் என்ற பொதுத் தரமாயின. வன்தட்டு தன்னைத்தானே அளந்து, மாற்றி ஒதுக்கப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை, படிக்க முடியாமல் காத்திருக்கும் பிரிவுகள், வெப்பநிலை, இயங்கிய மணிநேரம் போன்றவற்றைப் பதிந்து வைப்பதே இதன் அடிப்படை. 2002இல் தொடங்கப்பட்ட ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பின் பின்னணி நிரல் இந்தப் பதிவுகளை இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, மாற்றம் கண்டால் மின்னஞ்சல் அனுப்பவோ நிர்வாகி எழுதிய நிரலை இயக்கவோ செய்கிறது.

இம்முறை எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கான சான்றுகள் ஒரே திசையைக் காட்டவில்லை. உற்பத்தியாளர்கள் பொய் எச்சரிக்கைக்கு அஞ்சித் தங்கள் எல்லைமதிப்புகளை மிகத் தளர்வாக வைத்திருந்தனர். 2002இல் வெளியான ஓர் ஆய்வு, பொய் எச்சரிக்கை 0.1 சதவீதம் என்ற அளவில் கட்டுப்பட்டிருக்கையில் பழுதாகும் வட்டுகளில் 3 முதல் 10 சதவீதத்தையே இம்முறை முன்கூட்டிக் காட்டுவதாகக் குறிப்பிட்டது. 2007இல் கூகுளின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகியோர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இருமுனையாக அமைந்தது. பரப்பைப் பின்னணியில் வருடிச் சோதிக்கையில் தெரியும் வருடல் பிழையை முதல் முறை காட்டிய வட்டு அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு, பிழை காட்டாத வட்டைவிட 39 மடங்கு அதிகம் என்று அது கண்டது. அதே வேளையில் பழுதான வட்டுகளில் 56 சதவீதம், வலுவானவை எனக் கருதப்பட்ட நான்கு அடையாளங்களில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே செயலிழந்தன என்றும் கண்டது. வெப்பநிலைக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு தொடர்பு தெரியவில்லை என்பதும் அக்கட்டுரையின் முடிவுகளில் ஒன்று. வெப்பநிலை எச்சரிக்கைகளை நுணுக்கமாக அமைத்துக்கொண்டிருந்த பலருக்கு இது உவப்பாக இருந்திருக்காது.

தன் வட்டுகளின் ஸ்மார்ட் பதிவுகளை 2013 முதல் திரட்டிப் பொதுவில் வெளியிட்டுவரும் பேக்பிளேஸ் நிறுவனம் 2016இல் தந்த கணக்கு இச்சிக்கலை இன்னும் தெளிவாக்குகிறது. அந்நிறுவனம் தேர்ந்த ஐந்து அளவீடுகளில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தவை, பழுதான வட்டுகளில் 76.7 சதவீதம், நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதம். நான்கு வட்டுகள் உள்ள அலுவலகத்துக்கு இவ்விதி மிக நல்லது, தவறினாலும் இழப்பு ஒரு வட்டின் விலைதான். ஒரு லட்சம் வட்டுகள் உள்ள இடத்தில் அதே விதி, குறையற்ற ஏறத்தாழ 4,200 வட்டுகளின் மேல் ஒரே நேரத்தில் சந்தேகத்தை எழுப்பும். அவற்றைத் தானாகவே விலக்கும்படி அமைத்திருந்தால் அந்தத் தரவு இடமாற்றமே ஒரு நெருக்கடியாகிவிடும். ஆகவே ஒரு விதியின் துல்லியத்தை, அது எத்தனை வட்டுகளின் மேல், என்ன செயலோடு பிணைக்கப்படுகிறது என்பதிலிருந்து பிரித்து மதிப்பிடுவது பொருந்தாது. முன்கணிப்பு ஆய்வுகள் பலவற்றில் இந்தப் பிணைப்பு போதிய இடம் பெறவில்லை என்றே கருத வேண்டியிருக்கிறது.

எந்திரக் கற்றலின் வரவு எண்களை மேம்படுத்தியிருக்கிறது. 64 மையங்களில் 3,80,000க்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு, ஸ்மார்ட் பதிவுகளுடன் வேகம், வட்டு இருக்கும் இடம் ஆகிய விவரங்களையும் சேர்த்தால் கணிப்பு நன்றாக உயர்வதாகக் காட்டியது. இருந்தும் ஒரு வகை வட்டில் பயின்ற மாதிரி இன்னொரு வகைக்கு அப்படியே பொருந்துவதில்லை. மின்நினைவு வட்டுகளின் நிலை இன்னும் வேறு. 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல் நான்கு ஆண்டுகளில் அவற்றில் 20 முதல் 63 சதவீதம் திருத்த முடியாத பிழை ஒன்றையாவது சந்தித்தன, எனவே முதல் பிழையிலேயே விலக்கிவிடும் விதி இங்கே கட்டுப்படியாகாது. 2019 நவம்பரில் ஹியூலட் பேக்கர்ட் எண்டர்பிரைஸ் வெளியிட்ட அறிவிப்போ முற்றிலும் வேறு வகை ஆபத்தைக் காட்டியது: சில மின்நினைவு வட்டுகள் உள்நிரல் பிழையால் 32,768 மணிநேரம் இயங்கியதும் செயலிழந்துவிடும், அவற்றிலிருந்த தரவும் மீளாது. ஒரே நாளில் பூட்டப்பட்ட வட்டுகள் ஏறத்தாழ ஒரே மணியில் சாகக்கூடும் என்ற இந்நிலையைத் தேய்மானத்தை அளக்கும் எந்தக் கணிப்பும் பிடித்திருக்காது. ஆனால் கண்காணிப்பு மென்பொருள்கள் நெடுங்காலமாகப் பதிந்துவந்த, எவரும் எச்சரிக்கை வைக்காத இயங்கிய மணிநேரக் கணக்கு அதைக் கண்முன்னே வைத்திருந்தது.

மனிதக் கவனம் என்னும் வரம்பு

மூன்றாவது போக்கு கணினித் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸ் நாட்டின் மில்ஃபோர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிவிபத்து நிகழ்வதற்கு முந்தைய 11 நிமிடங்களில், பணியிலிருந்த இருவர் 275 எச்சரிக்கைகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்று அரசு விசாரணை கண்டது. அதற்குப் பின் 1999இல் வெளியான ஈஈஎம்யூஏ 191 என்னும் தொழில்துறை வழிகாட்டி, இயல்பான நிலையில் ஒருவருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் எச்சரிக்கைக்கு மேல் வராதிருப்பதே ஏற்கத்தக்கது என்ற அளவை முன்வைத்தது. எச்சரிக்கையை விடுவதற்கும் செலவு உண்டு, அந்தச் செலவைச் சுமப்பது மனித மனம் என்ற பார்வை இதிலிருந்து பரவியது.

கணினித் துறையில் இதற்குப் பெரும் குரல் கொடுத்தது 2016இல் வெளியான கூகுளின் தளநம்பகப் பொறியியல் நூல். பொறியாளரை எழுப்பும் அறிவிப்பு அவசரமானதாகவும், அவர் ஏதேனும் செய்யக்கூடியதாகவும், பயனரைத் தொடுவதாகவும் இருக்க வேண்டும், பன்னிரண்டு மணிநேரப் பணிமுறையில் இரண்டுக்கு மேற்பட்ட சம்பவங்கள் வரக்கூடாது என்று அது கோரியது. காரணங்களைவிட அறிகுறிகளுக்கே எச்சரிக்க வேண்டும் என்பதும் அதன் நிலைப்பாடு. இங்கே அறிகுறி என்பது பக்கம் திறக்கத் தாமதமாதல் போல் பயனர் உணரும் குறை; காரணம் என்பது ஒரு வட்டின் பழுது போல் உள்ளே இருக்கும் குறை.

இந்த நிலைப்பாடு இணையச் சேவைகளுக்குப் பொருந்தும் அளவுக்குச் சேமிப்பகத்துக்குப் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. சேமிப்பகத்தில் மிகைப்பிரதிகள் வைக்கப்படுவதே, உள்ளே நேரும் பழுதை வெளியே தெரியாமல் மறைப்பதற்காகத்தான். ஒரு வட்டை இழந்தாலும் தரவைத் தரவல்ல ரெய்டு 5 வகை வட்டுத்தொகுப்பில் ஒன்று செத்தால் பயனர் எதையும் உணர்வதில்லை. அடுத்தது சாகும்போது உணர்வார், அப்போது எச்சரிப்பதால் பயன் இருக்காது. அறிகுறிக்காகக் காத்திருப்பது இங்கே இழப்புக்காகக் காத்திருப்பதாகிவிடுகிறது. மேற்சொன்ன நூலே தன் அடிக்குறிப்பொன்றில், மிகைப்பிரதி அற்றுப்போன நிலையையும் நிரம்பும் தறுவாயில் உள்ள பகுதிகளையும் உடனடி ஆபத்தாகவே கொள்ள வேண்டும் என்று விலக்கு அளித்திருக்கிறது. சேமிப்பகத்தில் வேலை செய்பவர்களுக்கு அந்த அடிக்குறிப்பே பிரதான பாடம் எனலாம்.

அறிவிப்பு போய்ச் சேருகிறதா

எதை அறிவிப்பது என்பதற்குச் செலவிடப்பட்ட சிந்தனையில் ஒரு பங்குகூட அறிவிப்பு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்குச் செலவிடப்பட்டதாகத் தெரியவில்லை. 1988இல் வரையறுக்கப்பட்ட எஸ்என்எம்பி நெறிமுறையில், கருவி தானாக அனுப்பும் டிராப் என்னும் செய்திக்கு ஒப்புகை கிடையாது. வழியில் தொலைந்தால் அனுப்பிய கருவிக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. இரண்டாம் பதிப்பில் ஒப்புகை கேட்கும் இன்ஃபார்ம் வகைச் செய்தி சேர்க்கப்பட்டும், பல சேமிப்பகக் கருவிகளில் பழைய வகையே இன்றும் அமைக்கப்படுகிறது.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் துணைச் சர்வர் என்றெண்ணி முதன்மைச் சர்வரின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். அந்நிறுவனமே வெளியிட்ட அறிக்கையின்படி, நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய காப்புப் பிரதி, தரவுத்தளத்தின் பதிப்பும் பிரதி எடுக்கும் நிரலின் பதிப்பும் ஒத்துப்போகாததால் ஏற்கெனவே எடுக்கப்படாமல் நின்றுபோயிருந்தது. அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அனுப்பப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் விதிக்கு உட்படாததால் பெறும் சர்வர் அவற்றை நிராகரித்தது. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு மீளவில்லை. எல்லைமதிப்பு, முன்கணிப்பு, அறிகுறி என்னும் எந்த விவாதமும் தொடாத இடத்தில் இந்தத் தோல்வி நிகழ்ந்திருக்கிறது.

குறை வந்தால் சொல் என்ற விதியோடு, நலமாக இருப்பதைக் குறித்த நேரத்தில் சொல், சொல்லத் தவறினால் அதையே குறையாகக் கொள் என்ற எதிர்த்திசை விதியும் வேண்டும் என்பது இதற்குப் பரிந்துரைக்கப்படும் மருந்து. ப்ரொமிதியஸ் பயன்படுத்துவோர் பலர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் ஓர் எச்சரிக்கையை வேண்டுமென்றே வைத்து, அது வெளிச்சேவை ஒன்றுக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கிருந்து அழைப்பு வரும்படி அமைக்கிறார்கள். எச்சரிக்கைகளைத் தொகுக்கும் வசதியும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. ஒரு நெட்வொர்க் இணைப்பு அறுந்ததால் நூறு வட்டுகள் காணாமற் போனால், நூறு செய்திகளுக்குப் பதில் ஒன்றை அனுப்பவும், பெரிய குறை உள்ளபோது அதன் விளைவான சிறு குறைகளை அடக்கவும் அலர்ட்மேனேஜர் போன்ற கருவிகளால் இயலும். எது எதன் விளைவு என்பதை மட்டும் யாரேனும் ஒருவர் முன்கூட்டியே சரியாக எழுதிவைத்திருக்க வேண்டும்.

மென்பொருளே செயல்படும்போது

நான்காவது போக்கின் வாதம் எளிமையானது: ஆயிரக்கணக்கான கணினிகளில் நாள்தோறும் சில பழுதாகும் நிலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதரை எழுப்புவது இயலாது. மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் அமைப்பை விவரித்து மைக்கேல் ஐசார்ட் 2007இல் எழுதிய கட்டுரை இதன் செவ்வியல் வடிவம். குறைபட்ட கணினியை மறுதொடக்கம் செய்தல், மென்பொருளை மீண்டும் ஏற்றுதல், மாற்றிவிடப் பரிந்துரைத்தல் என்று செயல்கள் எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக ஏறுகின்றன. சரிசெய்யப்பட்ட கணினி சில காலம் சோதனைநிலையில் இருந்த பிறகே நலமானதாக ஏற்கப்படுகிறது.

செயல்களின் பட்டியல் சிறியதுதான். ஒதுக்கீட்டை நீட்டித்தல், பழைய நிழற்பிரதிகளை அழித்தல், கெட்ட வட்டை விலக்கித் தயார்நிலை வட்டை இணைத்தல், பிரதிகளை வேறிடத்தில் உருவாக்குதல், வேலையை மாற்று இயந்திரத்துக்குத் திருப்புதல் ஆகியவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும். இவற்றின் தன்மையோ ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகிறது. முன்னர் குறிப்பிட்ட விண்டோஸ் வள மேலாளரில், 200 மெகாபைட் நிரம்பியதும் கட்டளை ஒன்றை இயக்கி ஒதுக்கீட்டை 250 மெகாபைட்டாக உயர்த்தும் வார்ப்புரு தயாராகவே வருகிறது. தவறாக இயங்கினாலும் எவரும் எதையும் இழப்பதில்லை. இடம் போதாதபோது நிழற்பிரதிகளைத் தானாக அழிக்கும் அமைப்பு அப்படிப்பட்டதன்று. மீட்பு தேவைப்படும் நாளில்தான் அழிந்தது எது என்று தெரியவரும். திரும்பப் பெறக்கூடிய செயல், திரும்பப் பெற முடியாத செயல் என்னும் இவ்வேறுபாடு மென்பொருள்களின் அமைப்புத் திரைகளில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.

கெட்ட வட்டை விலக்குவது இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. 2005இல் சோலாரிஸ் 10உடன் வந்த பழுது மேலாண்மைக் கட்டமைப்பு, குறித்த நேரத்துக்குள் குறித்த எண்ணிக்கையில் பிழைகள் சேர்ந்தால் மட்டுமே முடிவெடுக்கும் எண்ணும் முறையைக் கொண்டிருந்தது. லினக்ஸில் ஓடும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையின் நிகழ்வு நிரல் இன்றும் 10 நிமிடத்தில் 10 பிழை என்ற அளவை இயல்பாகக் கொள்கிறது. உள்ளீட்டு வெளியீட்டுப் பிழைகள் வரம்பைத் தாண்டினால் வட்டு முற்றிலும் விலக்கப்படுகிறது. சரிபார்ப்புத் தொகைப் பிழைகள் தாண்டினால் நலிந்தது என்று மட்டும் குறிக்கப்பட்டுத் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கிறது. ஓரளவு தரும் வட்டு, ஒன்றும் தராத வட்டைவிட மேல் என்ற கணிப்பு இதில் இருக்கிறது. மறுகட்டுமானத்துக்கும் ஆபத்து உண்டு என்பதால் இந்த நிதானம் அவசியமாகிறது: மிஞ்சிய வட்டுகள் அனைத்தையும் அது முழுவதும் படிக்க வைக்கிறது, சாதாரண வன்தட்டுகளுக்கோ ஏறத்தாழ 12.5 டெராபைட் படிக்கையில் படிக்க முடியாத பிழை ஒன்று வரலாம் என்றே உற்பத்தியாளர்கள் குறிப்பிட்டு வந்துள்ளனர்.

பொறுத்திருக்கும் நேரத்தின் முக்கியத்துவம் பரவல் சேமிப்பகங்களில்தான் முழுமையாகத் தெரிகிறது. இவற்றில் ஒரு கணினி பதில் சொல்லாவிட்டால் அதிலிருந்த தரவின் பிரதிகள் வேறிடத்தில் தானாக உருவாக்கப்படும். கூகுள் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கட்டுரை, கணினிகள் கிடைக்காமற் போகும் நிகழ்வுகளில் 15 நிமிடத்துக்கு மேல் நீடிப்பவை 10 சதவீதத்துக்கும் குறைவு என்று காட்டியது. அந்நிறுவனத்தின் கோப்பு முறைமை அதனாலேயே பொதுவாக 15 நிமிடம் பொறுத்து மீட்பைத் தொடங்கியது. ஹடூப் கோப்பு முறைமை இயல்பாகப் பத்தரை நிமிடமும், செஃப் பத்து நிமிடமும் பொறுக்கின்றன. செஃப் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு முழு அடுக்குப்பேழை ஒரே நேரத்தில் மறைந்தால் அதைத் தானாக விலக்குவதில்லை. அவ்வளவு வட்டுகள் ஒன்றாகச் சாவதைவிட மின்சாரமோ நெட்வொர்க்கோ போயிருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அது கருதுகிறது.

இப்பொறுமையும் தற்கட்டுப்பாடும் இல்லாதபோது நேர்வதை 2011 ஏப்ரல் 21 அன்று அமேசானின் கிழக்கு அமெரிக்க வட்டாரம் கண்டது. நெட்வொர்க் மாற்றமொன்று தவறாகச் செய்யப்பட்டு, போக்குவரத்து முழுவதும் கொள்ளளவு குறைந்த துணை நெட்வொர்க்கில் திருப்பப்பட்டதால், ஈபிஎஸ் சேமிப்பகக் கணினிகள் தங்கள் பிரதிகளோடு தொடர்பு இழந்தன. இணைப்பு மீண்டதும் அவை அனைத்தும் ஒரே நேரத்தில் புதிய பிரதிக்கு இடம் தேடத் தொடங்கின. இருந்த இடம் விரைவில் தீர்ந்தது, தேடலோ ஓயவில்லை. பாதிக்கப்பட்ட மண்டலத்தின் சேமிப்புத் தொகுதிகளில் 13 சதவீதம் முடங்கின. அவ்வட்டாரத்துத் தொகுதிகளில் 0.07 சதவீதம் ஒத்திசைவான நிலையில் மீளவே இல்லை. ஒவ்வொரு கணினியின் பார்வையிலும் அதன் செயல் சரியானது. ஒரு கணினிக்கு நல்ல எதிர்வினை, எல்லாக் கணினிகளும் ஒன்றாகச் செய்தால் தாக்குதலாக மாறுகிறது என்பதைக் கருத்தில் கொண்ட உச்சவரம்பு அங்கே போதிய அளவில் இருக்கவில்லை.

எதிர்த்திசைத் தவறுக்கு டோக்கியோ பங்குச் சந்தை சான்று. 2020 அக்டோபர் 1 காலையில் அதன் வர்த்தக அமைப்பின் பகிர்வு வட்டுக் கருவி ஒன்றில் நினைவகப் பழுது நேர்ந்தது. இரண்டாவது கருவிக்குத் தானாக மாறியிருக்க வேண்டிய வேலை மாறவில்லை. பழைய தலைமுறைக் கருவியில் மாற்றத்துக்கு இடமளித்த அதே அமைப்பு மதிப்பு, பின்வந்த பதிப்பில் மாற்றத்தைத் தடுப்பதாக ஆகியிருந்தது. கையேடு பழையபடியே இருந்தது. அன்று முழுவதும் எந்தப் பங்கும் வர்த்தகமாகவில்லை. இங்கே எல்லைமதிப்பும் தவறவில்லை, பழுதை அறிவதிலும் குறையில்லை. அவசரத்துக்கென வைக்கப்பட்ட செயலொன்று, அவசரம் நேர்வதற்கு முன் அந்தப் பழுது வகைக்கு ஒருமுறையாவது நடத்திப் பார்க்கப்படவில்லை என்பதே இதிலிருந்து பெறப்படுகிறது.

முற்றிலும் சாகாமல் மெல்லத் தேயும் கருவிகள் இப்போக்குக்கு இன்னும் பிடிபடாதவை. 12 நிறுவனங்களிலிருந்து 101 சம்பவங்களைத் திரட்டி 2018இல் வெளியான ஆய்வு, வேகம் மட்டும் குறைந்த வட்டு, நினைவகம், நெட்வொர்க் அட்டை ஆகியவை முழு அமைப்பையும் இழுத்துப் பிடித்ததைக் காட்டியது. இத்தகைய வட்டு நலமா என்று கேட்டால் நலம் என்றே பதில் சொல்லும். அதைத் தானாக விலக்கும் விதி எழுதலாம். ஆனால் வேலைப்பளு கூடியதால் எல்லா வட்டுகளும் மெதுவாகும் நேரத்தில் அவ்விதி நல்லவற்றையும் விலக்கி, மிஞ்சியவற்றின் பளுவை ஏற்றி, அவற்றையும் மெதுவாக்கும்.

எஞ்சியிருப்பவை

மேற்கண்டவற்றிலிருந்து சில கருத்துகளை ஓரளவு உறுதியுடன் கொள்ளலாம். எச்சரிக்கைக்கான எல்லையும் செயலுக்கான எல்லையும் தனித்தனியாக இருப்பது நல்லது. திரும்பப் பெறக்கூடிய செயல்களைத் தாராளமாகவும், மற்றவற்றை மனித ஒப்புதலுடனும் அமைப்பது பொருந்தும். எந்தத் தானியங்கிச் செயலுக்கும் ஒரே நேரத்தில் எத்தனை என்ற உச்சவரம்பு தேவை. செஃப் மென்பொருள், பழுதாகும் என்று கணிக்கப்பட்ட வட்டுக்கு 12 வாரம் முன்பே எச்சரிப்பதையும், 4 வாரமே இருக்கும்போது தானாக விலக்குவதையும், எஞ்சும் வட்டுகள் மிகக் குறைந்தால் விலக்கலை நிறுத்துவதையும் ஒருசேரக் கொண்டிருப்பது இத்திசையில் ஒரு முன்னேற்றம். அதன் பயன் கணிப்பின் தரத்தைப் பொறுத்தது என்ற பழைய தடை மட்டும் அப்படியே இருக்கிறது.

மனிதரின் இடம் குறித்த கேள்வி தீரவில்லை. லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983இல் எழுதிய, தானியக்கத்தின் முரண்கள் பற்றிய கட்டுரை, எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால் கடினமானவை மட்டுமே மனிதருக்கு மிஞ்சும், பழக்கம் குறைந்துபோன கையோடு அவற்றைச் செய்ய நேரும் என்று சுட்டியது. வட்டு மாற்றுவதைப் பத்தாண்டுகளாக மென்பொருளே செய்துவந்த இடத்தில், மென்பொருள் தவறும் நாளில் அதை நிறுத்தத் தெரிந்தவர் இருப்பாரா என்பதற்கு ஒத்திகை தவிர வேறு விடை முன்வைக்கப்படவில்லை. பயன்பாட்டில் உள்ள சேமிப்பகத்தில் ஒத்திகை நடத்தும் துணிவோ சில நிறுவனங்களுக்கே உண்டு.

இன்னொரு இடைவெளி சான்றுகளின் பிறப்பிடத்தைச் சார்ந்தது. இங்கே எடுத்துக்காட்டிய அளவீடுகளில் பெரும்பாலானவை லட்சக்கணக்கான வட்டுகளை இரவுபகலாகப் பார்த்துக்கொள்ளப் பொறியாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களிலிருந்து வந்தவை. இரண்டு வட்டுகள் கொண்ட ஒரு பெட்டியில் தன் கணக்குகளை வைத்திருக்கும் மருந்துக்கடைக்கோ, பள்ளி அலுவலகத்துக்கோ பணிமுறைப் பொறியாளர் என்ற ஒருவர் கிடையாது. எச்சரிக்கை மின்னஞ்சல், பெட்டியை நிறுவிவிட்டுப் போனவரின் பழைய முகவரிக்கே இன்னும் போய்க்கொண்டிருக்கலாம். அத்தகைய இடங்களில் எத்தனை எச்சரிக்கைகள் படிக்கப்படுகின்றன, தானியங்கி விலக்கல் அங்கே காப்பாற்றிய தரவு அதிகமா இழந்தது அதிகமா என்பனவற்றுக்கு, பேக்பிளேஸின் வட்டுக் கணக்குக்கு நிகரான பொதுப் பதிவு தேவைப்படுகிறது. அது வரும்வரை, பெருநிறுவனங்களின் அளவில் வகுக்கப்பட்ட பத்து நிமிடமும் 85 சதவீதமும் சிறிய பெட்டிகளிலும் இயல்பு மதிப்புகளாகத் தொடரும் என்றே தோன்றுகிறது.